விட்னி மலையில் ஜூன் மாதப் பனி: எந்த வழியாக ஏறுவது?

“ஜூன் 20-க்கு பெர்மிட் விழுந்திருக்கு, மேலே பனி இருக்குமா?” விட்னி மலை ஏறுவதற்கான அனுமதி குலுக்கலில் கிடைத்த நண்பர் யாராவது ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். இருக்கும் என்றுதான் சொல்வேன். கலிஃபோர்னியாவின் விட்னி மலை 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் அதைவிட உயரமான சிகரம் கிடையாது. அந்த உயரத்தில் குளிர்காலத்துப் பனி ஜூனில் கரைந்து தீர்ந்துவிடாது. அதனால் நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: அந்தப் பனியில் கால் வழுக்கினால் எங்கே போய் நிற்பீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், வழியைத் தேர்ந்தெடுக்கிற வேலையில் பாதி முடிந்த மாதிரி.

கயிறு போட்டுப் பாறையில் ஏறுகிறவர்களின் வழிகளை விட்டுவிடுவோம். மற்றவர்களுக்குக் கிழக்குப் பக்கத்திலிருந்து மூன்று வழிகள். மூன்றுமே லோன் பைன் ஊருக்கு மேலே, 8,360 அடியில் இருக்கும் விட்னி போர்ட்டலில் தொடங்குகின்றன. முதலாவது பிரதானப் பாதை. போக 11 மைல், வர 11 மைல். 12,000 அடியில் டிரெயில் கேம்ப் வரும். அங்கிருந்து 99 கொண்டை ஊசி வளைவுகள் என்று பேர் வாங்கிய ஏற்றம், 1,600 அடி ஏறி, டிரெயில் கிரெஸ்ட் என்ற முகட்டில் முடியும். முகட்டைத் தாண்டி மலையின் மேற்குப் பக்கமாக இரண்டரை மைல் நடந்தால் உச்சி. இரண்டாவதும் அதே பாதைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளைத் தொடாமல், பக்கத்திலேயே பனி நிரம்பிக் கிடக்கும் சரிவில் நேராக டிரெயில் கிரெஸ்ட்டுக்கு ஏறிவிடுவது. மலையேறுகிறவர்கள் அதை ‘ஷூட்’ என்பார்கள். மூன்றாவது மவுன்டனியர்ஸ் ரூட், 1873 அக்டோபரில் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் தனியாக ஏறிய வழி.

வரைபடத்தில் பார்த்தால் முதல் வழிதான் சாது. பாதை வெட்டியிருக்கிறார்கள், வளைந்து வளைந்து போகிறது, ஆபத்தான இடத்தில் கைப்பிடிக் கம்பிகூட உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தடவை நானும் என் மைத்துனரும் போனது ஒரு ஜூன் மாதத்தின் கடைசி வாரம். டிரெயில் கேம்ப்பில் தங்கிவிட்டு, விடிந்ததும் வளைவுகளில் ஏறினோம். பாதி தூரம் வரை வழி காய்ந்துதான் கிடந்தது, இடையிடையே திட்டுத் திட்டாகப் பனி. ஏறக்குறைய நடுவில் அந்தக் கம்பி கட்டிய இடம் வந்தது. பாதையின் உள்பக்கம் பாறைச் சுவர், வெளிப்பக்கம் இரும்புக் கம்பங்கள் நட்டுக் கம்பி வடம் ஓட்டியிருப்பார்கள். அன்று சுவரிலிருந்து கம்பம் வரை பனி சாய்வாக நிரம்பிப் பாதையின் தட்டையே காணோம். கம்பங்களின் நுனி மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மத்தியானம் நடந்தவர்களின் கால்தடங்கள் அப்படியே உறைந்து, பளபளவென்று கிண்ணம் கிண்ணமாக இருந்தன. கைத்தடியின் முனையால் குத்திப் பார்த்தேன். ‘டங்’ என்று சத்தம் வந்ததே தவிர, முனை இறங்கவில்லை. எங்களிடம் இருந்தது ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும், சின்னச் சின்ன முட்கள் உள்ள மைக்ரோஸ்பைக்ஸ் மட்டும்.

மைத்துனர் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சரிவு எங்கேயும் தணியாமல் இறங்கி, கீழே கற்குவியலில் முடிந்தது. “மாமா, இங்க விழுந்தா அந்தக் கல்லுலதான் போய் நிக்கணும்,” என்றார். திரும்பிவிட்டோம்.

வழியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கியதுதான். அந்த இடத்தில் பாறையிலிருந்து தண்ணீர் கசியும். இரவில் அது உறையும். மற்ற இடங்களில் பாதை காய்ந்த பிறகும் அங்கே மட்டும் பனிக்கட்டி மிஞ்சியிருக்கும். 22 மைலில் 21 மைலுக்கு மேல் காய்ந்திருந்தாலும், அந்தச் சில நூறு அடிதான் அன்றைக்கு உங்கள் வழி.

அடுத்த முறை போனது பனி அதிகம் விழுந்த ஒரு வருடத்தின் ஜூன் நடுவில். இந்தத் தடவை ஷூவில் மாட்டும் நீளமான இரும்புப் பற்களான கிராம்பான், பனியில் குத்திப் பிடிக்கும் கோடரியான ஐஸ் ஆக்ஸ் இரண்டும் இருந்தன, இரண்டையும் பழகியிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகள் இருந்த சுவடே தெரியவில்லை. ஷூட் அடியிலிருந்து முகடு வரை விட்ட இடம் இல்லாமல் பனி. ஏறினோம். போன தடவையைவிடப் பனி பல மடங்கு, ஆனால் பயம் குறைவு. கேட்கப் புதிராக இருக்கும். ஷூட்டின் அடியில் பனி அகலமாக விரிந்து, மெல்ல மெல்லத் தட்டையாகிவிடுகிறது. வழுக்கினால் சறுக்கிக்கொண்டு போகலாம், ஆக்ஸால் நிறுத்தப் பார்க்கலாம், நிறுத்த முடியாமல் போனாலும் கற்களில் மோதுவதற்கு முன் வேகம் தணிய இடம் இருக்கிறது. கம்பிப் பகுதியில் அந்த இடம் இல்லை.

ஆக, என் முடிவு இது. பனி முழுசாக இருக்கும் காலத்தில் ஷூட். பனி முழுசாகப் போன காலத்தில் பாதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் உண்டு. ஷூட்டில் அடிப்பனி கரைந்து கல் தலைகாட்டியிருக்கும், பாதையிலோ திட்டுகள் போயிருக்காது. அந்த இரண்டு மூன்று வாரம்தான் மோசம். பார்ப்பதற்கு என்னவோ அந்த வாரங்கள்தான் கோடை மாதிரி இருக்கும், கீழே அரைக்கால் சட்டையோடு நடப்பார்கள். அது எந்தத் தேதியில் வரும் என்பது குளிர்காலத்தைப் பொறுத்தது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில், விட்னி இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் தெற்குப் பகுதியில் கிடந்த பனி வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு. அப்படிப்பட்ட வருடத்து ஜூனும் வறண்ட வருடத்து ஜூனும் ஒரே மாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள், அந்த வருடத்தின் பனியை வைத்து எடுங்கள்.

அடுத்தது வெயில். விட்னியில் ஒரே நாளில் இரண்டு மலைகளில் ஏறுவது போல் இருக்கும். ஷூட் கிழக்கைப் பார்த்தது. ஜூனில் ஐந்தரை மணிக்கெல்லாம் அதன் மேல் வெயில் விழுந்துவிடும். ஆறு மணிக்குக் கிராம்பானின் பல் கச்சிதமாகப் பதிகிற கெட்டியில் இருக்கும் பனி, எட்டரைக்கு மேல் இளகத் தொடங்கும். முகட்டைத் தாண்டினால் கதை வேறு. மேற்குப் பக்கத்தில் ஒன்பது மணி தாண்டித்தான் வெயில் படும், பனி இளக பத்தரை, பதினொன்று ஆகும். ஷூட்டில் வேர்த்துக்கொண்டு ஏறியவர்கள் டிரெயில் கிரெஸ்ட்டில் “அப்பாடா, முடிந்தது” என்று கிராம்பானைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் நிழலில் கிடக்கிற ஒரு திட்டை, வெறும் ஷூவோடு குறுக்கே கடக்க வேண்டி வரும். கீழே மேற்குச் சரிவு இறங்கிக்கொண்டே போகிறது. அங்கே கிராம்பானைக் கழற்றாதீர்கள். கல்லில் உரசி நாராசமாகச் சத்தம் போட்டாலும் பரவாயில்லை, காலிலேயே இருக்கட்டும்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். மத்தியானம் மேற்குப் பக்கம் கஞ்சி மாதிரி ஆகிவிடும், தொடை வரை கால் புதையும். கல்லை ஒட்டிய இடத்தில் இன்னும் மோசம். கல் வெயிலை வாங்கி அடியிலிருக்கும் பனியைக் கரைத்துவிடுவதால், மேலே மெல்லிய தோல் மட்டும் இருக்கும். கல்லிலிருந்து ஓர் எட்டு தள்ளியே காலை வையுங்கள். கிழக்குப் பக்கத்திலோ மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து, ஐந்து மணிக்குள் நிழல் மூடிவிடும். மத்தியானம் குழைந்த பனி மறுபடி இறுகத் தொடங்கும். இதனால்தான் நான் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். டிரெயில் கிரெஸ்ட்டுக்குத் திரும்பி வர வேண்டியது மத்தியானம் ஒரு மணி. அப்படியென்றால் உச்சியை விட்டுப் பதினொன்றரைக்குள் கிளம்ப வேண்டும், காலையில் ஷூட்டின் அடியில் ஐந்தரைக்கு நிற்க வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் நடைக்கு ஒத்துவரவில்லை என்றால், டிரெயில் கேம்ப்பில் ஒரு இரவு தங்குங்கள், இல்லை பனி போன பிறகு வாருங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரவு வானம் தெளிந்திருந்ததா? தெளிந்த வானத்தின் கீழ் பனி தன் சூட்டை வெளியே விட்டுவிடும், காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேல்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவென்றால் அந்தச் சூடு வெளியேறாது. விடியற்காலை ஆறு மணிக்கே முழங்கால் வரை புதைகிறதா? அன்று ஷூட் வேண்டாம். ஈரப்பனி மொத்தமாகச் சரிந்து வருவது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

வீட்டிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? நிறைய, ஆனால் எல்லாம் இல்லை. கால்டோப்போ என்ற இணைய வரைபடத்தில் சரிவின் கோணத்துக்கு ஏற்ப நிறம் பூசிக் காட்டும் வசதி இருக்கிறது. ஷூட் சுமார் 35 டிகிரி என்பதையும், அதற்குக் கீழே எங்கே தட்டையாகிறது என்பதையும் அதில் பார்த்துவிடலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக வரும். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பனிக்கோடு எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறது என்று புரியும். ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். கம்பிப் பகுதியில் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும் ஒல்லியான பனித்திட்டு அதில் தெரியாது. படத்தில் பழுப்பாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

வெப்பநிலைக்கு லோன் பைன் ஊரின் முன்னறிவிப்பைப் பார்க்காதீர்கள். ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பகலுக்கு ஓரளவு சரி. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடுவதால் அந்தக் கணக்கு நிற்காது. தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடத்தில் மலையின் மேலேயே கிளிக் செய்தால், அந்த இடத்துக்கான முன்னறிவிப்பு வரும்.

ஏறிவிட்டு வந்தவர்களின் குறிப்புகளைப் படிக்கும்போது “சுலபமாக இருந்தது” என்பதை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்தத் தேதி, அந்த இடத்தில் எத்தனை மணி, காலில் என்ன மாட்டியிருந்தார்கள். பதினொரு மணிக்கு எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற அதே இடம், காலை ஆறு மணிக்குக் கண்ணாடி. லோன் பைனில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் ரேஞ்சர்களிடம் கேட்கும்போதும் “பனி இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்று மட்டும்தான் பதில் வரும். “கம்பி முழுசா வெளியே தெரியுதா? இந்த வாரம் இறங்கினவங்க ஷூட்ல இறங்கினாங்களா, பாதையிலயா?” என்று கேளுங்கள். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

மவுன்டனியர்ஸ் ரூட் பற்றி நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். தூரம் குறைவு, கூட்டம் குறைவு, பார்க்கிற காட்சி அபாரம். உண்மைதான். லோன் பைன் ஓடையின் வடக்குக் கிளையோடு ஏறி, எபர்ஸ்பாக்கர் லெட்ஜஸ் என்ற பாறைத் தட்டுகளைக் கடந்து, பாய் ஸ்கவுட் ஏரிகளைத் தாண்டி, 12,600 அடியில் ஐஸ்பெர்க் ஏரிக்கு வந்தால், விட்னியின் கிழக்கு முகம் தலைக்கு மேல் நிற்கும். அதன் வலது ஓரத்தில் ஒரு நீளமான இடுக்கு 14,000 அடிக்குச் சற்று மேலே உள்ள கணவாய்க்குப் போகிறது. பனி நிரம்பியிருக்கும்போது இந்த இடுக்கு நல்ல வழி. பனி போய்விட்டால் காலடியில் கல் நழுவிக்கொண்டே இருக்கும், மேலே போகிறவர்கள் உருட்டிவிடும் கல் உங்கள் மேல்தான் வரும். ஹெல்மெட் இல்லாமல் அங்கே நுழையக் கூடாது.

கவனம் அதிகம் வேண்டியது கணவாய்க்கு மேலே, கடைசி நானூறு அடியில். அங்கே திரும்பி ஏறுகிற முகம் வடக்கைப் பார்த்தது. வெயில் சரியாகப் படாது. கீழே இடுக்கில் பனி மாவு மாதிரி இளகியிருக்கும் அதே நேரத்தில், இங்கே கல்லோடு ஒட்டிய பனிக்கட்டி இருக்கும். கையையும் பிடித்து ஏற வேண்டிய பாறை, நடுநடுவே பனிக்கட்டி, கீழே செங்குத்து. உச்சி பக்கத்தில் என்கிற வேகத்தில் ஏறிவிடலாம். இறங்குவதுதான் கடினம், உயிர்கள் போயிருப்பதும் இந்தப் பகுதியில்தான். நான் ஒருமுறை அந்தக் கணவாயில் நின்று, அந்த முகத்தைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதே வழியில் இறங்கத் தெரியும் என்ற உறுதி இல்லாமல் அதில் ஏறாதீர்கள். “மேலே போய்விட்டால் பிரதானப் பாதை வழியாக இறங்கிக்கொள்ளலாம்” என்பார்கள். செய்யலாம்தான். அப்போது டிரெயில் கிரெஸ்ட்டுக்குக் கீழே என்ன நிலைமை என்பதையும் அன்றே தெரிந்து வைத்திருக்க வேண்டும், அங்கே போய்ச் சேரும்போது மாலையாகியிருக்கும்.

பெர்மிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. குலுக்கலுக்குப் பிப்ரவரியில் விண்ணப்பிக்க வேண்டும், அப்போது அந்த வருடம் எவ்வளவு பனி விழுந்து முடியும் என்று யாருக்கும் தெரியாது. மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்குப் பகல் நடைக்கு 100 பேர், தங்கிப் போக 60 பேர் என்பது பிரதானப் பாதையின் கணக்கு. வடக்குக் கிளை வழியாக, அதாவது மவுன்டனியர்ஸ் ரூட்டில், தங்கிப் போவதற்குத் தனி பெர்மிட். பனியில் பழக்கம் இல்லாதவர்கள் ஆகஸ்ட் நடுவுக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையே தேதி கேட்பது நல்லது. ஜூன் கிடைத்துவிட்டதே என்பதற்காக மட்டும் ஏறாதீர்கள். ஆகஸ்ட்டில் மத்தியான இடி மின்னல் உண்டு. உச்சியில் 1909-ல் கட்டிய கல் குடிசை மின்னலுக்குப் பாதுகாப்பு கிடையாது, 1990-ல் அதற்குள் ஒதுங்கியவர்களை மின்னல் தாக்கி ஒருவர் இறந்திருக்கிறார். அந்த மாதத்திலும் சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் இறங்க வேண்டும்.

சாமான் பற்றிச் சுருக்கமாக. தட்டையான உறைபனிக்கு மைக்ரோஸ்பைக்ஸ் போதும். 35 டிகிரி சரிவுக்கு முன்பல் (ஷூ நுனிக்கு முன்னால் நீட்டும் பல்) உள்ள கிராம்பானும், அது கழன்று வராத கெட்டியான ஷூவும் வேண்டும். ஐஸ் ஆக்ஸ் பையில் தொங்கினால் பிரயோஜனம் இல்லை, மலைப்பக்கக் கையில் இருக்க வேண்டும். ஆக்ஸால் சறுக்கலை நிறுத்துவதைக் கீழே தட்டையாக முடியும் ஒரு சின்னச் சரிவில் பழகுங்கள். குப்புற விழுந்து, மல்லாந்து விழுந்து, தலைகீழாக விழுந்து, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை. உடம்பு யோசிக்காமல் திரும்ப வேண்டும். இறுகிய பனியில் இரண்டு நொடி விட்டால் வேகம் கைமீறிவிடும்.

கடைசியாக ஷூட்டில் இறங்குவது. நிறையப் பேர் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்குவார்கள், நானும் செய்திருக்கிறேன், மகிழ்ச்சியான விஷயம். ஆனால் மூன்றும் பொருந்த வேண்டும்: குதிகால் அழுந்துகிற அளவுக்குப் பனி இளகியிருக்க வேண்டும், அடி வரை கல் இல்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கிராம்பான் காலில் இருக்கக் கூடாது. கிராம்பானோடு சறுக்கினால் பல் பனியில் மாட்டும், கணுக்கால் முறியும். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கிராம்பானை மாட்டிக்கொண்டு நடந்தே இறங்குங்கள். முகட்டிலிருந்து முதல் சில அடிகள்தான் எல்லாவற்றையும்விடச் செங்குத்து. முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஆக்ஸை நெஞ்சுக்கு நேரே குத்தி, ஏணியில் இறங்குவது போல் ஒவ்வொரு காலாக முன்பல்லைப் பதித்து இறங்குங்கள். பதினைந்து, இருபது எட்டில் சரிவு கொஞ்சம் தணியும். அங்கே காலால் ஒரு தட்டை மிதித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே பார்த்துத் திரும்புங்கள். டிரெயில் கேம்ப்பின் கூடாரங்கள் அங்கிருந்தே தெரியும்.